தனிஜெபம் ஏன் பாதியிலேயே நின்றுபோகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனிஜெபம் நின்றுபோனதற்குப் பலரும் சொல்லும் காரணம் நேரமின்மை. பெரும்பாலும் நடப்பது வேறு. மனம் உருகிய நாளில் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தவர், வறண்ட நாளில் ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். நாலு நாள் இப்படிப் போனால் ஐந்தாம் நாள் உட்காரவே தோன்றாது. ஜெபத்தை உணர்ச்சியால் அளப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

இதற்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வழி சொல்லியிருக்கிறார்: குறித்த நேரத்துக்குக் குறையாமல் இரு, ஜெபத்தில் மனம் ஒட்டாத வறட்சி அழுத்தும் நாளில் குறித்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே இரு. நடைமுறையில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் அலாரம் வைத்து, அதை எட்டாத தூரத்தில் வையுங்கள். இனித்தாலும் கசந்தாலும் அலாரம் அடிக்கும்வரை எழவேண்டாம். எழுந்தே ஆகவேண்டும் போலிருக்கும் நாளில் இரண்டு நிமிடம் சேர்த்து இருங்கள். அவருடைய இன்னொரு விதியும் முக்கியம்: தெளிவான மனநிலையில் எடுத்த தீர்மானத்தை வறட்சியில் மாற்றாதே. 'இனி காலையில் வேண்டாம், இரவில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற யோசனை எந்த நாளில் வந்தது என்று பாருங்கள். ஜெப வாழ்வுக்குப் பெயர்பெற்ற துறவி அவிலா தெரேசாளே, ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த வருடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்களுக்கு மட்டும் வந்த நோயல்ல இது.

அடுத்தது, இடைவிடாத பேச்சு. 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்கிறது மத்தேயு 6:7. நம் ஜெபத்தில் அது எப்படி நுழைகிறது? வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆண்டவரே, அப்பா, ஸ்தோத்திரம்' என்று இட்டு நிரப்புகிறோம். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாத அரை நொடி மௌனம்கூட நமக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வாக்கியத்தை முடியுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். பிறகு அடுத்தது. அதற்காகத் திரும்பச் சொல்வதே தவறு என்று ஆகிவிடாது. கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். சங்கீதம் 70-இன் முதல் வசனத்தை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கும் பழக்கம் ஆதிகாலத்தில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகளிடம் இருந்தது.

வேதவாசிப்பை ஜெபம் என்று எண்ணிக்கொள்வது மூன்றாவது. வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணை நல்லதுதான், ஆனால் அது வேறு வேலை. ஜெபத்துக்கு ஏழெட்டு வசனம் தாராளம். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ வகுத்த நான்கு படிகள் இன்றும் உதவுகின்றன: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைதியாக இருத்தல்.

மாற்கு 10:46-52, பார்வையற்ற பர்திமேயுவின் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏழு வசனம். முதல் தடவை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். இரண்டாம் தடவை எந்தச் சொல்லில் மனம் சிக்குகிறதோ அங்கேயே நில்லுங்கள். அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்தான் என்ற இடம் பிடித்துக்கொண்டால், நான் எதை எறியத் தயங்குகிறேன் என்று கேளுங்கள். பிறகு அதை ஆண்டவரிடமே சொல்லுங்கள். கடைசி மூன்று நிமிடம் எதுவும் பேசவேண்டாம்.

பலர் சறுக்குவது இரண்டாம் படியில்தான், அதிலும் ஊழியம் செய்பவர்கள். தியானம் சத்தமில்லாமல் பிரசங்கத் தயாரிப்பாக மாறிவிடும்: 'வாலிபர் கூட்டத்துக்கு இது அருமையாக இருக்கும்!' இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. மனதில் ஓடும் வாக்கியத்தில் 'அவர்கள்' வந்தால் தடம் மாறிவிட்டது. 'நான்', 'நீர்' என்று திருப்புங்கள்.

கோபத்தையும் ஏமாற்றத்தையும் மறைத்துவிட்டு மரியாதையாக மட்டும் ஜெபிப்பதும் ஜெபத்தை வெளிறச் செய்யும். சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல். ஆறே வசனமுள்ள 13-ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்று தொடங்கிப் பாட்டில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வசனம் ஒன்றைக் கடைசியில் ஒட்டவைக்கவில்லை. நீங்களும் ஒட்டவைக்க வேண்டாம்.

கவனச்சிதறலோடு மல்லுக்கட்டினால் அதுதான் பெரிதாகும். செய்யவேண்டிய வேலை நினைவுக்கு வந்தால் துண்டுத்தாளில் ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். ஒரே நபரின் முகம் மூன்று முறை வந்தால் அவருக்காகவே ஜெபியுங்கள். அவரோடு மனஸ்தாபம் இருந்தால் மத்தேயு 5:23-24 சொல்வது நேரடியானது: காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு.

இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பவர்கள் அதைக் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடுகிறார்கள். வரிசை முக்கியம்: முதலில் நன்றி, பிறகு உண்மையைக் காண வெளிச்சம் கேட்பது, அடுத்து கடந்துபோன அந்த நாளை மணிவாரியாகப் பார்ப்பது, மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான ஒரே ஒரு தீர்மானம். பத்து நிமிடம் போதும். படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாவதைத் தாண்டமாட்டீர்கள்.

ஜெபத்தோடு சேர்த்து இருக்கும் உபவாசத்தைப் பொறுத்தவரை, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவை விடக்கூடாது.

வறட்சி எல்லாமே ஆவிக்குரியதும் அல்ல. வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 'விசுவாசம் போதவில்லை, இன்னும் ஜெபியுங்கள்' என்று அப்படிப்பட்டவரை விரட்டுவது, உள்ள தவறுகளிலெல்லாம் கொடுமையானது. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த நாட்களில் அவரால் ஜெபிக்க முடியாவிட்டால் 13-ஆம் சங்கீதத்தின் ஆறு வசனத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வாசியுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.