நூலக அலமாரியில் ஃபயர்ஃபிளை: டிவிடி அன்பளிப்பை முறையாகச் செய்வது எப்படி

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, விண்வெளியில் நடக்கும் கௌபாய் பாணிக் கதையான ஃபயர்ஃபிளை தொடரை 2002 செப்டம்பர் 20 அன்று தொடங்கி, அந்த டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. எடுத்து முடித்தவை 14 அத்தியாயங்கள்; அப்போது ஒளிபரப்பானவை 11. அந்த 11-இலும் வரிசை குலைந்திருந்தது. கதை நடக்கும் விண்கப்பலையும் அதில் இருப்பவர்களையும் அறிமுகப்படுத்தும் இரட்டை நீள முதல் அத்தியாயம் டிசம்பர் 20 அன்றுதான் வந்தது, எல்லாவற்றுக்கும் கடைசியாக. 2003 டிசம்பரில் டிவிடி வெளியான பிறகே 14 அத்தியாயங்களும், எடுத்தவர்கள் நினைத்த வரிசையில் அமெரிக்க மக்களுக்குக் கிடைத்தன. அதனால் இந்தத் தொடருக்குப் புதிதாக ஆள் சேர்க்க டிவிடியைவிட நல்ல வழி இல்லை. பிரவுன்கோட்டுகள் எனப்படும் இதன் ரசிகர்கள் அமெரிக்கக் கடற்படையின் 250 கப்பல்களுக்கு, மாலுமிகள் ஓய்வு நேரத்தில் பார்ப்பதற்காக டிவிடி செட்டுகளை 2004-இலேயே அனுப்பிவைத்தார்கள். அதே வேலையை அமெரிக்காவில் உள்ள உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் இன்றும் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வருவதோடு வேலை முடிவதில்லை. அது பட்டியலில் ஏறி, அலமாரிக்கு வந்து, முன்பின் தெரியாத ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனால்தான் அன்பளிப்புக்குப் பலன். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, முறையாகத் தயாரித்து விற்கப்பட்ட வட்டை வாங்கியவர் அதை விற்கலாம், கொடுத்துவிடலாம், இரவல் தரலாம். நூலகம் தயாரிப்பு நிறுவனத்திடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டில் நகலெடுத்த பிரதிக்கு இது பொருந்தாது. அதை எந்த நூலகமும் தொடாது. இரவல் தருவது ஒன்று, நூலக அரங்கில் நாற்காலி போட்டுத் திரையிடுவது வேறொன்று. திரையிடலுக்குப் பொதுக் காட்சி உரிமம் தனியாக வேண்டும். சில நூலகங்கள் ஆண்டு உரிமம் வாங்கி வைத்திருக்கும், ஆனால் அதில் எல்லா நிறுவனங்களின் படைப்புகளும் அடங்கியிருக்காது. “டிவிடியும் தருகிறோம், அன்று மாலையே திரையிடலாம்” என்று நூலகரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எதை வாங்குவது

டிவிடி செட்டில் 4 வட்டுகள், ப்ளூ-ரே செட்டில் 3. படத்தின் தரத்தில் ப்ளூ-ரே மேல் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் சின்ன ஊர் நூலகத்துக்கு டிவிடியே சரி: ப்ளூ-ரே பிளேயரில் டிவிடி ஓடும், டிவிடி பிளேயரில் ப்ளூ-ரே ஓடாது. நூலகத்தில் வட்டு இரவல் வாங்குபவர்களில் இணைய வசதி குறைந்தவர்களும் பழைய பிளேயர் வைத்திருப்பவர்களும் நிறைய.

பெட்டியின் பின்பக்கம் ரீஜியன் 1 என்று இருக்கிறதா பாருங்கள்; வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டும் குறி அது, அமெரிக்காவுக்கு 1. பிரிட்டன் வட்டு ரீஜியன் 2, இந்திய வட்டு ரீஜியன் 5. இரண்டும் அமெரிக்காவின் சாதாரண பிளேயர்களில் ஓடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் பல இப்படி வெளிநாட்டுப் பிரதிகளாக இருக்கும். போலிகளும் வரும்: மங்கலான அட்டை, ஊதா நிற அடிப்பக்கம் கொண்ட வட்டு, எங்கும் ரீஜியன் குறி இல்லாமை ஆகியவை அதன் அடையாளங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பெட்டியே நூலகருக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு வட்டையும் போட்டுப் பார்க்கும் வேலை அவருக்கு மிச்சம்.

தொடரோடு 2005-இல் வந்த செரனிட்டி திரைப்படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கதை அங்கேதான் தொடர்கிறது. தொடரை முடித்தவர் அடுத்து அதைத்தான் கேட்பார். வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 2019-இல் அதே பெயரில் முற்றிலும் வேறொரு படம் வந்திருக்கிறது. தொடரின் முதல் அத்தியாயத்துக்கும் அதே பெயர்தான். நூலகத்துக்கு எழுதும்போது ஆண்டைச் சேர்க்காமல் விட்டால் குழப்பம் நிச்சயம்.

எந்த நூலகம்

உங்கள் நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். பிறகு பல நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாகத் தேட உதவும் வேர்ல்ட்கேட் இணையதளத்தில் சுற்றுவட்டார நூலகங்களையும் பாருங்கள். பெரிய நகர நூலகத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று பிரதிகள் இருக்கலாம். அங்கே இன்னொன்று போய்ச் சேர்ந்தால் பழையதற்கு மாற்றாகவோ விற்பனை மேசைக்கோதான் போகும். ஒரு பிரதிகூட இல்லாத மாவட்டக் கிளை நூலகத்தில் அதே பெட்டிக்கு மதிப்பு பல மடங்கு. பட்டியலில் இருந்தும் “காணவில்லை”, “சேதம்” என்று காட்டினால் அதுவும் நல்ல இடமே. தொடரை முன்பு கேட்டவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பள்ளி நூலகங்களை விட்டுவிடுங்கள். தொடருக்கு டிவி-14 தரச்சான்று (14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்), திரைப்படத்துக்குப் பிஜி-13 (13 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை). முக்கியப் பாத்திரங்களில் ஒருவர் பாலியல் தொழில் செய்பவர் என்பதையும் சண்டைக் காட்சிகளையும் வைத்துப் பெற்றோர் புகார் செய்தால், அன்பளிப்பை ஏற்ற நூலகர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

பெரும்பாலான அன்பளிப்புகள் வீணாகும் இடம் இதுதான். முன்மேசையில் பெட்டியை நீட்டினால், அங்கிருப்பவர் நன்றி சொல்லி வாங்கி அன்பளிப்புக் கூடையில் போடுவார். அந்தக் கூடை நேராக, நூலகத்துக்கு நிதி திரட்டும் தன்னார்வலர்களான நூலக நண்பர்கள் சங்கத்தின் விற்பனைக்குப் போகும். உங்கள் செட் சில டாலருக்கு விலைபோகும். யார் மீதும் தவறில்லை, வழக்கமே அப்படி. நூலகத்தின் இணையதளத்தில் அன்பளிப்புக் கொள்கையை முதலில் படியுங்கள். வட்டுகளையே ஏற்காத நூலகங்களும் உண்டு. ஏற்பவர்கள் என்றால், எதை வாங்குவது, எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் சேகரிப்புப் பிரிவு நூலகருக்கு எழுதுங்கள்.

கடிதம் ஐந்தாறு வரி போதும். இப்படி:

“ஃபயர்ஃபிளை முழுத் தொடர் (2002), 14 அத்தியாயங்கள், 4 டிவிடி, ரீஜியன் 1, பிரிக்காத புதுப் பெட்டி. கூடவே செரனிட்டி (2005) திரைப்படம். உங்கள் பட்டியலில் இரண்டும் இப்போது இல்லை. சேகரிப்பில் சேர்க்க விருப்பமானால் கொண்டுவந்து தருகிறோம். கொடுத்தபின் எங்கே வைப்பது, எப்போது நீக்குவது என்பதெல்லாம் உங்கள் முடிவு.”

பெட்டியின் பார்கோடு எண்ணையும் எழுதுங்கள். அதை வைத்துத் தயாராக இருக்கும் பட்டியல் குறிப்பை அவர் உடனே இறக்கிக்கொள்வார். கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லையென்றால், நாளை வந்து “எங்கள் டிவிடி எங்கே” என்று கேட்பார்களோ என்ற தயக்கம் அவருக்கு வரும்.

நூலகருக்கு இந்தத் தொடரில் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, அதை எடுத்துச் சொல்லுங்கள்: ஒரே பெட்டியில் முழுத் தொடரும் அடங்கிவிடுகிறது. ஓடும் நேரம் ஏறக்குறைய 11 மணி. பல நூலகங்களில் டிவிடிக்கு ஒரு வாரமே தவணை. அதற்குள் பார்த்து முடித்துவிடலாம். பத்து சீசன் கொண்ட தொடர் என்றால் அலமாரியும் நிறையும், நடுவில் ஒரு சீசன் தொலைந்தால் மற்றவையும் பயனற்றுப்போகும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். “வட்டு வேண்டாம், பணமாகக் கொடுங்கள்” என்றால் தாராளமாகக் கொடுங்கள். இந்தத் தலைப்புக்காக என்று குறிப்பிட்டுக் கொடுத்தால், அவர்கள் தங்கள் விற்பனையாளரிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். சில விற்பனையாளர்களிடமிருந்து வட்டு பார்கோடும் உறையும் ஒட்டித் தயாராகவே வரும்.

பெட்டிக்குள் எதுவும் வைக்காதீர்கள்

ரசிகர் மன்றத் துண்டறிக்கை, ஸ்டிக்கர், இணைய முகவரிச் சீட்டு என்று உள்ளே எதைத் திணித்தாலும் நூலகர் எடுத்து எறிந்துவிடுவார். விளம்பரத்துக்காகத் தந்திருக்கிறார்கள் என்ற எண்ணமும் வரும். வட்டின் மேல் எழுதவோ ஒட்டவோ கூடாது: கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சுழலும்போது வட்டு அதிரும், பிளேயர் படிக்காது. அன்பளித்தவர் பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் அந்த நூலகத்தில் இருந்தால் அவர்களையே ஒட்டச் சொல்லுங்கள். “உள்ளூர் ஃபயர்ஃபிளை ரசிகர்களின் அன்பளிப்பு” என்ற ஒரே வரி, பத்துத் துண்டறிக்கையைவிட நன்றாகப் பேசும்.

தபாலில் அனுப்பினால் அமெரிக்கத் தபால்துறையின் மீடியா மெயிலில் டிவிடி அனுப்பலாம். கட்டணம் குறைவு, போய்ச்சேர நாளாகும். அந்தப் பொதியில் விளம்பரத் தாள் இருக்கக்கூடாது என்பது அவர்கள் விதி, பிரித்துப் பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குமிழி உறை மட்டும் போதாது, அட்டைப்பெட்டியில் வையுங்கள். உள்ளே வட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்தால் வட்டு கழன்று உருண்டு கீறல் விழும்.

வருமானவரிக் கழிவு வேண்டுவோர் வாங்கிய ரசீதை வைத்திருங்கள். நூலகம் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் தரும், விலை மதிப்பிட்டுத் தராது. அன்பளிப்பின் மதிப்பு 250 டாலரோ அதற்கு மேலோ போனால் அந்தக் கடிதம் கட்டாயம்.

சேர்ந்த பிறகு

பட்டியலில் ஏறச் சில வாரங்கள் ஆகும். ஏறியதும் உள்ளூர் ரசிகர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் அவர்களே மாற்றி மாற்றி எடுத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். புதிதாகப் பார்க்கப்போகிறவர் கைக்கு அது போகாமல் தடுப்பதாகிவிடும். அதற்குப் பதிலாக, பார்த்திராத நண்பரிடம் நூலகத்தின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். தொடர் தொடங்கிய நாளான செப்டம்பர் 20-ஐ ஒட்டி விண்வெளிக் கதைகளும் கௌபாய்க் கதைகளும் சேர்ந்த ஒரு காட்சி அலமாரியை நூலகருக்கு யோசனையாகச் சொல்லலாம்; நூலகத்திலேயே உள்ள தலைப்புகளைக் கொண்டு பட்டியல் தயாரித்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்வது அவருக்கு எளிது.

நூலகங்கள் நெடுநாள் யாரும் எடுக்காதவற்றையும் பழுதானவற்றையும் அவ்வப்போது கழித்துவிடும். செட்டில் முதலில் பழுதாவது பெரும்பாலும் முதல் வட்டுதான்: தொடங்கிப் பார்க்கும் எல்லோரும் அதைப் போடுகிறார்கள், எல்லோரும் நான்காவது வரை போவதில்லை. லேசான கீறலை நூலகத்தின் மெருகேற்றும் இயந்திரமே சரிசெய்துவிடும். ஆழமான கீறலோ தொலைந்த வட்டோ முழு செட்டையும் வெளியே தள்ளிவிடும். ரசிகர் குழுவாகச் செய்பவர்கள் கொடுத்த செட்டுகளின் கணக்கோடு, உபரியாக ஒரு செட்டையும் கையில் வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா நூலகங்களின் பட்டியலையும் பாருங்கள். “சேதம்” என்று காட்டினால் எந்த வட்டு என்று கேட்டு, அதை மட்டும் உபரிச் செட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.