பதினான்கு வயதில் மூளைக்கு முத்திரை குத்துகிறோம்

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்துகொண்டு போனார்கள். சில வாரம் கழித்து வழவழப்பான தாளில் தடியாக ஒரு ரிப்போர்ட் வந்தது. கணக்கு அறிவு இத்தனை சதவீதம், இசை அறிவு இத்தனை சதவீதம், இந்தப் பிள்ளைக்கு காமர்ஸ் குரூப்தான் பொருந்தும் என்று அதில் போட்டிருந்தது. பணம் கட்டி வாங்கியதாயிற்றே, அவள் அப்பா அதை பீரோவில் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார்.

விரல் ரேகை தாய் வயிற்றில் நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே அமைந்துவிடும். அப்புறம் மாறாது. ஆதாருக்கும் போலீசுக்கும் அது உதவுவதே அதனால்தான். மூளையோ பன்னிரண்டு வயதுக்கு மேலும் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. மாறாத ரேகையைப் பார்த்து, மாறிக்கொண்டிருக்கும் மூளைக்கு ஜாதகம் எழுதுவதை என்னவென்று சொல்வது? இந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கும் ‘மிட்பிரெய்ன்’ வகுப்புகளும் இதே ரகம். மூக்கோரம் இருக்கும் இடுக்கு வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த வயதில் மூளைக்குள் என்ன நடக்கிறது? ஆறு வயதிலேயே மூளை பெரியவர்களுடைய அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அதனால் வளர்ச்சி முடிந்துவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1999-ல் அமெரிக்காவில் ஜே கீட் குழுவினர், ஒரே பிள்ளைகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில், நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருள் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை கூடி, அதன்பின் குறையத் தொடங்கியது.

குறைவதா வளர்ச்சி? கம்பு விதைத்தவர்களுக்கு இது புரியும். நெருக்கமாக முளைத்ததை அப்படியே விட்டால் எதுவும் கதிர் பிடிக்காது. பயிரைக் கலைத்துவிட வேண்டும். மூளையிலும் அப்படித்தான், நரம்பு இணைப்புகளில் புழங்காதவை கழிகின்றன. புழங்குபவை கொழுப்பு உறை போர்த்திக்கொண்டு வேகமாகின்றன. 2006-ல் ஃபிலிப் ஷா குழு 307 பேரின் ஸ்கேன்களை ஒப்பிட்டது. ஐ.க்யூ. மிக அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் மூளையின் மேலடுக்கான புறணி மற்றவர்களைவிட மெல்லியதாகவே இருந்தது. அது தடித்து உச்சத்தை எட்டியதும் மற்றவர்களைவிடத் தாமதமாக, பதினொரு வயது வாக்கில். முந்திக்கொண்டவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்ற கணக்கு இங்கே உதவாது.

என் பார்வையில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு, ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கேத்தி பிரைஸ் குழு 2004-ல் 33 பேருக்கு ஐ.க்யூ. பார்த்தது. அப்போது அவர்களுக்கு 12 முதல் 16 வயது. சுமார் நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் திரும்பச் சோதித்தார்கள். மொத்தக் குழுவின் சராசரி ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் சிலருக்கு 20 புள்ளி வரை ஏறியிருக்கிறது, சிலருக்கு அதே அளவு இறங்கியிருக்கிறது. சோதனை நடந்த அன்று ஜுரமாக இருந்திருக்கும் என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் ஸ்கேனிலும் அந்த மாற்றம் தெரிந்தது. மொழி சார்ந்த மதிப்பெண் மாறியவர்களுக்குப் பேச்சோடு தொடர்புள்ள இடது பகுதியிலும், படம், வடிவம் சார்ந்த மதிப்பெண் மாறியவர்களுக்குக் கை அசைவோடு தொடர்புள்ள சிறுமூளையிலும் வித்தியாசம் இருந்தது. 33 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இருந்தாலும் எட்டாவதில் எடுத்த எண்ணை வைத்துப் பதினொன்றாம் வகுப்பு குரூப்பை முடிவு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த எண்ணைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஐ.க்யூ. என்பது அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுப் போடுவது. சராசரி எப்போதும் 100. பன்னிரண்டு வயதில் 100, பதினாறிலும் 100 என்றால் பிள்ளை வளரவில்லை என்று அர்த்தமில்லை, எல்லோரோடும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 1905-ல் இந்தச் சோதனைக்கு அடித்தளம் போட்ட ஆல்ஃப்ரெட் பினே, அறிவு கூட்ட முடியாத ஒன்று என்ற பேச்சைக் கடுமையாக எதிர்த்தவர். பின்னாளில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் ஐ.க்யூ. சோதனை வைத்துக் கலிஃபோர்னியாவில் மேதைப் பிள்ளைகளைச் சலித்து எடுத்தபோது சல்லடையில் விழாமல் போனவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் உண்டு. இருவரும் வளர்ந்து இயற்பியலில் நோபல் வாங்கினார்கள்.

அடுத்தது தூக்கம். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து படித்தால் மனதில் பதியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. எட்டரை மணிக்கே படுத்துவிட்ட தாத்தா காலத்துக்கு அது சரி. பருவம் வந்த உடம்பில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. அதில் செல்போனும் சேர்ந்துகொள்கிறது. பதினொன்றுக்குத் தூங்கி நான்கரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு வேண்டியதோ எட்டு முதல் பத்து மணி நேரம். பகலில் படித்தது நினைவில் நிலைப்பதற்கே தூக்கம் தேவை என்பதால், இது வாங்கிய சாமானை வழியிலேயே கொட்டிவிட்டு வருகிற மாதிரி. கலிஃபோர்னியாவில் 2022 முதல், பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே ஐந்து மணி டியூஷனுக்கு அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார், பின்னால் உட்கார்ந்தபடியே பிள்ளை தூங்குகிறது.

“அறிவிருக்கா உனக்கு?” என்ற திட்டும் குறி தவறியதுதான். உளவியலாளர்கள் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-ல் ஒரு கார் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். விடலைப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது பெரியவர்களைப் போலவே கவனமாக இருந்தார்கள். பக்கத்தில் நண்பர்கள் உட்கார்ந்ததும் துணிச்சல் எகிறியது. ஆபத்து தெரியாமல் இல்லை; கூட்டத்தில் அது எடுபடுவதில்லை. ஆகவே வண்டிச் சாவி கேட்கும் பையனிடம் “மெதுவாப் போ” என்பதைவிட “கூட யார் வர்றா?” என்று கேட்பது பயன்படும்.

கடைசியாக, ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியமும் டானிக்கும் வாங்கித் தருகிறோம், ரத்தத்தைப் பார்ப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 1996-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், சோகை வரும் அளவுக்குப் போகாமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்த மாணவிகளுக்கு எட்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் சோதனையில் அவர்கள் முன்னேறினார்கள். படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கிய எத்தனை பெண்களுக்கு உண்மையில் ஹீமோகுளோபின் ஒன்பதோ பத்தோ!

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பல பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். அதை ஒட்டி டீ, காபி மட்டும் கொடுக்காதீர்கள். இரும்பை உடம்பில் சேர விடாது.