கியாந்தி மேடுகளில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியில் ஃப்ளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையே இருக்கிறது கியாந்தி கிளாசிக்கோ என்ற திராட்சை மது வட்டாரம். திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, ஓக் காடு, மேட்டு உச்சியில் பழைய கல் ஊர் என்று மாறி மாறி வரும் நாட்டுப்புறம். வரைபடத்தில் பார்த்தால் கையகலம்தான். கிரேவே ஊரிலிருந்து சியேனா சுமார் 40 கி.மீ. "அரை நாளில் முடித்துவிடலாம்" என்று இங்கேதான் பலரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

தூரத்தை மட்டும் பார்ப்பது

கிரேவே கடல்மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர். அடுத்த ஊரான பன்சானோ ஏறத்தாழ 500 மீட்டர். அங்கிருந்து பேசா ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கி, மறுபடி 578 மீட்டர் உயரத்திலுள்ள கஸ்தெல்லீனாவுக்கு ஏற வேண்டும். அதன்பிறகுதான் சியேனாவை நோக்கி இறக்கம், அதிலும் நடுநடுவே குட்டி மேடுகள். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 600 மீட்டரைத் தாண்டிவிடும். ஒருமுறை ஏறினால் மேலேயே இருக்கலாம் என்கிற மலைப்பாதை அல்ல இது. ஏறியதை உடனே இழந்து, திரும்பவும் ஏறச் சொல்லும் ரம்பப்பல்.

ஊர்கள் உச்சியில் அமைந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஃப்ளோரன்ஸும் சியேனாவும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிட்ட எல்லைப்பகுதி இது. கஸ்தெல்லீனா, ராத்தா போன்ற ஊர்கள் காவலுக்கென்றே உச்சிகளில் மதில் கட்டிக்கொண்டன. பயணிக்கு இதன் பலன், அன்றைய நாளின் கடைசிச் சில கிலோமீட்டர் அநேகமாக ஏற்றமாகவே அமையும். கால் ஓய்ந்த நேரத்தில்தான் மிகச் செங்குத்தான பகுதி வரும்.

எனவே திட்டம் போடும்போது, 100 மீட்டர் ஏற்றத்துக்குச் சமதரையில் 8 கி.மீ. என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 45 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் அது 117 கி.மீ. சமதரைக்கு ஈடு. பையோடு போகிறவருக்கு ஒரு நாளைக்கு அதுவே நிறைவான அளவு. சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ.க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தங்குமிடத்திலும் இதே கோளாறு ஒளிந்திருக்கிறது. "ராத்தா" என்று போட்டிருக்கும் பண்ணை விடுதி, ஊரிலிருந்து 5 கி.மீ. தள்ளி, பள்ளத்தின் அடியில், மண்பாதை முடிவில் இருக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி 200 மீட்டர் ஏறி, இருட்டில் இறங்க வேண்டிவரும். பதிவு செய்யுமுன் கட்டடம் நிற்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். விடுதியிலேயே இரவுணவு உண்டா என்றும் கேளுங்கள்.

கியரைக் கவனிக்காமல் வாடகைக்கு எடுப்பது

வாடகைக் கடையில் பளபளவென்று நிற்கும் ரேஸ் சைக்கிளைப் பார்த்து மயங்குவோர் அதிகம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 12, பை 10 என்று மொத்தம் 92 கிலோ வைத்துக்கொள்வோம். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.15 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.7 கி.மீ. பத்து சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்குப் புவியீர்ப்பை வெல்லவே 190 வாட் வேண்டும். பயிற்சி இல்லாதவரால் அதை நெடுநேரம் தர முடியாது. மிதிக்கும் வேகத்தைக் குறைத்தால் முட்டியில் பாரம் ஏறும், மூன்றாம் நாள் வலி தொடங்கும்.

முன்னால் 28, பின்னால் 36 இருந்தால் அதே 60 சுற்றுக்கு வேகம் 6 கி.மீ., தேவை 150 வாட். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பின்பக்கப் பெரிய பல்சக்கரம், முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பெரியதா? இல்லை என்றால் வேறு சைக்கிள் கேளுங்கள்.

மின்சார சைக்கிள் எடுத்தால் கவலையில்லை என்பதும் முழு உண்மையல்ல. ஆளும் வண்டியும் சேர்ந்து 110 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்த 300 வாட்-மணி ஆற்றல் போகும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், முழு உதவியிலேயே ஓட்டுகிறவரின் 500 வாட்-மணி பேட்டரி மாலைக்கு முன்பே காலியாகிவிடும். இறக்கத்தில் அணைத்துவிடுங்கள், மிதமான ஏற்றத்தில் குறைந்த நிலையில் வையுங்கள், சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் பேட்டரியைக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். 160 வாட்-மணிக்கு மேற்பட்டதைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

கடையைவிட்டுக் கிளம்புமுன் இன்னொரு சோதனை. நம் ஊரில் வலக்கைப் பிரேக் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு. ஐரோப்பாவில் பல வண்டிகளில் அது பின்சக்கரத்துக்கு. போதாததற்குச் சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். பத்து நிமிடம் காலி இடத்தில் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சாலையைத் தார்ச்சாலைபோல் ஓட்டுவது

இந்தப் பகுதியின் அழகே 'ஸ்த்ராதே பியான்கே' எனப்படும் வெள்ளைச் சாலைகள்தான். தார் போடாமல், சுண்ணாம்புக் கல் பொடியும் சரளையும் இட்டு இறுக்கியவை. இவை தார்ச்சாலையாகிவிடக் கூடாது என்ற நோக்கத்தோடுதான் 1997-இல் காயோலே ஊரில் லெரோயிகா என்ற பழைய சைக்கிள் பயண விழா தொடங்கியது. அக்டோபர் முதல் ஞாயிறையொட்டி அது நடக்கும் நாட்களில் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தேதி முடிவு செய்யுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

25 மி.மீ. டயரோடு இங்கே இறங்குவது பஞ்சரை வலியத் தேடிக்கொள்வது. கூர்க்கல்லில் இடிபட்டு டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் (சக்கர வளையம்) நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். 35 முதல் 40 மி.மீ. அகல டயர் போடுங்கள். 40 மி.மீ. டயருக்கு, மொத்த எடை 90 கிலோ என்றால், காற்றழுத்தம் பின்னால் 45 பி.எஸ்.ஐ., முன்னால் 38 போதும். கல்லென்று காற்றடித்தால் ஓட்டம் இலகுவாகும் என்பது தார்ச்சாலையில் எடுபடும். சரளையில் அப்படி அடித்தால் சக்கரம் துள்ளும், பிடிமானம் போகும்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். வாகனச் சக்கரங்கள் அழுத்திய இரண்டு தடங்கள் இறுகியிருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்திருக்கும். தடத்திலேயே போங்கள், தடம் மாறும்போது பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கையில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கை இழுத்தால் முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும், அதன்பின் சமாளிக்க நேரமிருக்காது. செங்குத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பாரமிழந்து வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடியே, உடலைச் சற்று முன்னே சாய்த்து மிதியுங்கள்.

மழை பெய்தால் அந்த வெள்ளைப் பொடி பசையாகிச் செயினிலும் பிரேக் கட்டையிலும் ஒட்டும், காய்ந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். அன்று மாலையே தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே போவதும் கூடாது. ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கில் கட்டை மெருகேறிப் பிடிப்பு குறையும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள்.

கடை எப்போதும் திறந்திருக்கும் என நம்புவது

மதியம் ஒரு மணியளவில் மளிகைக் கடை சாத்தினால் மூன்றரை, நான்குக்குத்தான் திறக்கும். உணவகச் சமையலறை மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை, இரவு ஏழரைக்குப் பிறகு. மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து ஊருக்குள் நுழைந்தால் காப்பியும் பொட்டலத் தீனியும்தான் மிச்சம். ஊர்களுக்கு நடுவே கடையே இல்லாத 15 கி.மீ. சாதாரணம். காலையிலேயே ரொட்டி, பெக்கொரீனோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த டஸ்கனி வட்டார ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள்; வியர்வையில் உப்பிழந்தவருக்கு அது மட்டும் போதாது. சீஸும் ஊறவைத்த ஆலிவும் அதனால் வெறும் ருசிக்கு அல்ல.

சைவர்களுக்கு ரிபோலீத்தா (ரொட்டி, பீன்ஸ், கீரை சேர்த்த கெட்டி சூப்) நல்ல துணை. இறைச்சிச் சாறு ஊற்றியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் 750 மி.லி. பாட்டில் இரண்டு. ஊர்ச் சதுக்கக் குழாயில் நிரப்பலாம். 'நோன் பொதாபிலே' என்றிருந்தால் குடிக்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர் இறுதி இதமானவை.

ஏற்றத்துக்கு முன் திராட்சை மது

இத்தாலியச் சட்டத்தில் சைக்கிளும் வாகனமே. ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். காலை பதினொன்றுக்கு ஒரு தோட்டம், மதியம் ஒரு மணிக்கு இன்னொன்று என்று வரிசை போட்டால், வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து சரளை இறக்கத்தில் கணக்குத் தீர்க்கும். ருசி பார்ப்பதை அன்றைய ஓட்டம் முடிந்தபின், தங்குமிடத்துக்கு நடந்துபோகும் தொலைவில் வையுங்கள். முன்பதிவு இல்லாமல் போனால் பல தோட்டங்களில் கதவு திறக்காது. பாட்டில் ஒன்று சுமார் 1.2 கிலோ, கனத்த கண்ணாடி என்றால் 1.5. வாங்கினால் அவர்களையே பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

சாலையும் ரயிலும்

கியாந்திஜானா எனப்படும் எஸ்.ஆர். 222 அழகான சாலைதான், ஆனால் வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டம் பறக்கும். அதைத் திங்கள் முதல் வெள்ளிக்குள் முடித்துவிட்டு, சனி ஞாயிறுக்கு வோல்பாயா போன்ற சிற்றூர்ச் சாலைகளை வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து அரைமணி கழிந்தால் ஊருக்கு வெளியே ஒளியைப் பிரதிபலிக்கும் மேற்சட்டை கட்டாயம், சுரங்கப்பாதையிலும் அப்படியே. இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். காட்டுப்பாதை வாயிலில் 'சிங்யாலே' என்று பலகை கண்டால் உள்ளே போகாதீர்கள்.

ராத்தா, காயோலே, கஸ்தெல்லீனா எதிலும் ரயில் நிலையம் கிடையாது. நடுவழியில் சோர்ந்தால் ரயிலேறிவிடலாம் என்ற நினைப்பு எடுபடாது. மேற்கே போஜ்ஜிபோன்ஸி, கிழக்கே ஆர்னோ பள்ளத்தாக்கின் மொந்தேவார்க்கி போன்ற நிலையங்களுக்கு இறங்க வேண்டும். கழற்றாத சைக்கிளை ஏற்ற வட்டார ரயில்களே வழி. அவற்றிலும் அட்டவணையில் சைக்கிள் சின்னம் போட்டவை மட்டும்தான், சைக்கிளுக்குத் தனிச் சீட்டும் எடுக்க வேண்டும். அதிவேக ரயில் என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பையில் கட்டியாக வேண்டும். வாடகை சைக்கிளை வேறு ஊரில் ஒப்படைக்கும் வசதி உண்டா என்று கடையில் முதலிலேயே கேட்டுவிட்டால் இந்தச் சிக்கலே இராது.