மேன்டல் அலங்காரம்: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கனடாவில் பல வீடுகளின் கூடத்தில் முதலில் மாறுவது ஃபயர்பிளேஸுக்கு, அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் சுவர் அடுப்புக்கு, மேலே இருக்கும் பலகைதான். மேன்டல் என்பார்கள். பச்சைக் கிளைத் தோரணம், பிள்ளைகள் உப்பு மாவில் செய்த நட்சத்திரம், பரிசு போட வரிசையாகத் தொங்கும் காலுறைகள் என்று அந்த ஐந்தாறு அடிப் பலகை கிறிஸ்துமஸைக் கூட்டி வந்துவிடும். கையால் செய்து அலங்கரிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் செய்யும் பொருளில் காட்டும் அக்கறையை அதை வைக்கும் இடத்திலும் காட்ட வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் மேன்டலைச் சாதாரண அலமாரித் தட்டாக நினைப்பதில் தொடங்குகின்றன. அது அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். அங்கே வைப்பது எல்லாம் காயும், இளகும், சுருளும். அதனால் கத்திரிக்கோலை எடுப்பதற்கு முன்னால், வெறும் மேன்டலோடு ஒரு மணி நேரம் நெருப்பை எரியவிடுங்கள். அப்புறம் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகக் கை வைத்துப் பாருங்கள். எந்த இடம் சுடுகிறது, எந்த இடம் வெதுவெதுப்பு என்று தெரிந்துவிடும். சுடும் இடத்தில் பீங்கான், உலோகம், கல் மட்டும் வையுங்கள். கேஸ் அல்லது மின்சார ஃபயர்பிளேஸ் என்றால் சூடான காற்று எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்து, அந்த வழியை எதுவும் மறைக்காமல் விடுங்கள்.

தோரணத்துக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கைக்குக் கிடைத்த கிளையை வெட்டிக் கட்டினால் நான்கே நாளில் தரையெல்லாம் ஊசி இலை. ஊசி இலை மரங்களில் ஹெம்லாக், ஸ்ப்ரூஸ் இரண்டும் வீட்டுக்குள் சீக்கிரம் இலை கொட்டிவிடும். ஃபர், பைன், சீடர் தாக்குப்பிடிக்கும். வெட்டிய கிளைகளை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, உதறி, ஈரம் வடிந்த பிறகு கட்டுங்கள். டிசம்பர் முதல் தேதியே கட்டிவிட்டு 25ஆம் தேதி வரை பசுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வாரம் முன்னால் கட்டினால் போதும். தினமும் கிளையை விரலால் உருவிப் பாருங்கள். இலை கையோடு வந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். காய்ந்த ஊசி இலையில் பிசின் இருக்கிறது, ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

தோரணத்தின் நடுப்பகுதி தொய்ந்து நெருப்பு வாய்க்கு நேரே இறங்குவதும், இரண்டு முனைகளும் பக்கவாட்டில் தரை வரை வழிவதும் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் விறகு ஃபயர்பிளேஸின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரச் சட்டமே இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. காய்ந்த இலைக்கு அந்த இடைவெளி எந்த மூலைக்கு? எரியக்கூடிய எதையும் ஃபயர்பிளேஸ் போன்ற சூடான இடத்திலிருந்து 3 அடியாவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் தீத்தடுப்புத் துறையினர். மேன்டலில் 3 அடி கிடைப்பது அரிது. எனவே நெருப்பு மூட்டும் நேரத்தில் தோரணம், காலுறை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். தோரணம் முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டி இரண்டு கொக்கிகளில் மாட்டினால், இறக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஊரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகியவர்களுக்குப் பனி என்றால் பஞ்சுதான். கூரையில் பிய்த்துப் போட்ட பஞ்சைப் பார்த்து வளர்ந்த கை, இங்கே மேன்டலிலும் அதையே தூவப் பார்க்கும். தயவுசெய்து வேண்டாம். பஞ்சு நெருப்பைப் பிடிக்கும் வேகத்தில் தண்ணீர் எடுக்கக்கூட நேரம் இருக்காது. கண்ணாடிக் குப்பியில் கல்லுப்பை நிரப்பி வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் பனிபோலவே மின்னும்.

உலர்த்திக் கோத்துத் தொங்கவிடும் ஆரஞ்சு வில்லைகள் கெடுவது அவசரத்தால். 5, 6 மில்லிமீட்டர் தடிமனில் சீராக நறுக்கி, துணியால் ஒற்றி, ஓவனில் 95 டிகிரி செல்சியஸ் அளவில் மூன்று நான்கு மணி நேரம், இடையிடையே திருப்பிப் போட்டு உலர்த்த வேண்டும். சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் ஈரம் நிற்கும். முதல் வருடம் நான் பாதி காய்ந்ததையே கோத்துவிட்டேன். ஒரு வாரத்தில் பச்சைப் பூஞ்சை பூத்து அத்தனையும் குப்பைக்குப் போனது. நடுவில் தொட்டால் பிசுபிசுப்பே இருக்கக் கூடாது, அதுதான் பதம். பூங்காவில் பொறுக்கிய பைன் காய்களையும் அப்படியே வைக்காதீர்கள், உள்ளே பூச்சி இருக்கும். அலுமினியத் தாளில் பரப்பி அதே சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

உப்பு மாவு எளிது: 2 கப் மைதா, 1 கப் உப்பு, 1 கப் தண்ணீர், ஓவனில் 120 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம். நாய் வளர்க்கும் வீட்டில் மட்டும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.

காலுறைக்கு ஒட்டும் கொக்கி நம்பகமானதல்ல. செங்கல்லில் சரியாக ஒட்டாது, சூட்டில் பசை இளகும். கனமான உலோகக் கொக்கிகளை மேலே வைக்கலாம், ஆனால் குழந்தை காலுறையை இழுத்தால் அந்தக் கொக்கி தலையில்தான் விழும். காலுறையை வெறுமையாகத் தொங்கவிட்டு, பரிசுகளை நிரப்பும் இரவில் கழற்றித் தரையில் சாய்த்து வையுங்கள். விளக்குச் சரத்துக்கு எல்இடி போதும், ஒயர்மேல் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். கிளைகளுக்கு நடுவே மெழுகுவத்தி ஏற்றவே வேண்டாம்.

ஜனவரி 6ஆம் தேதி வாக்கில் எல்லாம் இறங்கும்போது கடைசித் தவறு காத்திருக்கும். காய்ந்த கிளை கையில், ஃபயர்பிளேஸ் எதிரில். உள்ளே போடத் தோன்றும். பிசின் வெடித்துப் பொறி கூடத்துக்குள் பறக்கும், சீறி எழும் தழல் புகைபோக்கியில் படிந்திருக்கும் கரியைப் பற்ற வைக்கும். கிளைகளைத் துண்டுதுண்டாக வெட்டித் தோட்டத்துச் செடிகளின் வேரடியில் பரப்பிவிடுங்கள். பனிக்காலம் முழுக்க அது வேருக்குப் போர்வையாகக் கிடக்கும்.