அப்பா அம்மாவுக்கு லோயர் பெர்த்: டிக்கெட் போடுவதிலிருந்து இறங்குவது வரை

முட்டிவலிக்காரருக்கு மிடில் பெர்த் விழுந்துவிடும். அப்புறம் பெட்டி முழுக்க "கொஞ்சம் மாத்திக்கிறீங்களா சார்" என்று கேட்டு அலைய வேண்டும். பெரும்பாலும் இது டிக்கெட் போடும்போதே செய்த தப்பு.

1. டிக்கெட்டைப் பிரித்துப் போடுங்கள்

ஐ.ஆர்.சி.டி.சி.யில் ரயிலைத் தேடும்போதே கோட்டா என்ற இடத்தில் 'ஜெனரல்' என்றிருப்பதை 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று மாற்றுங்கள். ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 45 வயது முடிந்திருந்தால் போதும். 45 வயதுப் பெண்ணுக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர்தான், இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். அப்பா 68, அம்மா 61, மகன் 38 என்று மூவரையும் ஒன்றாகப் போட்டால் கோட்டா கைவிட்டுப் போகும். பெற்றோருக்கு ஒரு டிக்கெட், மகனுக்கு ஜெனரலில் தனி டிக்கெட். ஒரே பெட்டி கிடைக்காமல் போகலாம். ஆனாலும் ஏறியபின் மகன் இடம் மாறுவது சுலபம், அப்பா மேலே ஏறுவதுதான் கஷ்டம்.

ஸ்லீப்பரில் ஒரு பெட்டிக்கு ஆறேழு பெர்த்தான் இந்தக் கோட்டாவில் உண்டு. தேர்ட் ஏசியில் நாலைந்து. அதனால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே போடுங்கள். பயண நாளை விட்டுவிட்டு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 30 பயணத்துக்கு டிசம்பர் 1. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முந்தின நாளே இணைத்து வையுங்கள்.

கோட்டா தீர்ந்துவிட்டதா? ஜெனரலில் 'குறைந்தது ஒரு லோயர் கிடைத்தால் மட்டும்' என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோ அப்கிரேடு' கட்டத்தில் டிக் வேண்டாம். உயர்ந்த வகுப்பு கிடைக்கலாம், அங்கே அப்பர் பெர்த்தாகவும் இருக்கலாம்.

இது இடத்துக்கான கோட்டா மட்டுமே. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது.

2. எண்ணைப் பார்த்துச் சரிபாருங்கள்

ஸ்லீப்பர், தேர்ட் ஏசியில் பெர்த் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர்; 7 வந்தால் சைடு லோயர். 36 லோயர், 37 மிடில். ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயரை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும். இரவுப் பயணத்தில் வயதானவர்களுக்கு அது ஆகாது. லோயர் கிடைக்கவே இல்லையென்றால் டிடிஆர் வந்ததும் கேளுங்கள். காலியாக இருக்கும் லோயரை மூத்தவர்களுக்கு மாற்றித்தர அவருக்கு அதிகாரம் உண்டு.

இன்னொன்று: படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. எட்டு மணிக்கே அப்பாவுக்குத் தூக்கம் வந்தாலும், மிடில், அப்பர் பெர்த்காரர்களுக்கும் பத்து மணிவரை லோயரில் உட்கார உரிமை இருக்கிறது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும்.

3. கைப்பையில் வைக்க வேண்டியவை

மாத்திரைகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காதீர்கள். பயண நாட்களோடு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து, மருந்துச் சீட்டின் நகலும் அசல் அடையாள அட்டையும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் ஐஸ் கட்டியை நேராகத் தொடக்கூடாது. உறைந்துவிட்டால் அது பயன்படாது.

சென்னையிலிருந்து காசிக்குக் கங்கா காவேரியில் போனால் இரண்டு இரவு ரயிலில்தான். சாப்பாடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் போடுகிற நேரத்துக்கே ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். தட்டு கைக்கு வந்தபின் ஊசி. அவசரத்துக்கு குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

டாய்லெட் போகப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் அதிகம். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுற்றல் எல்லாம் அதனால் வரும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் பயண நாளில் எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

4. ஏறுவது, இறங்குவது

பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரப் பலகையில் பார்த்து அங்கேயே நில்லுங்கள். பெரிய நிலையங்களில் பேட்டரி கார் கிடைக்கும். ஏறும்போது முதலில் ஆள், பிறகு மூட்டை. இரண்டு கையும் கைப்பிடியில். ஒரு கையில் பையோடு ஏறுகையில்தான் கால் சறுக்குகிறது.

இறங்க வேண்டிய ஊருக்கு அரைமணி முன்பு எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் நிற்கவிடாமல் ஐந்து நிமிடம் கால் தொங்கப்போட்டு உட்கார வையுங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடும்; ரயில் ஆட்டமும் சேர்ந்தால் விழுந்துவிடுவார்கள்.