பூவரச பீப்பியும் முடக்கத்தான் காயும்: சின்ன வயசுச் செடிகளை நீல அச்சில் எடுப்பது

முதலில் செடிகளின் பெயரை எழுதாதீர்கள். சின்ன வயதில் அதை வைத்து என்ன விளையாடினீர்கள் என்று எழுதுங்கள். பூவரச இலையைச் சுருட்டி ஊதியது, முடக்கத்தான் காயைப் பட்டென்று உடைத்தது, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் உருண்டோடும் ராவணன் மீசைப் புல்லின் முள் தலையைத் துரத்தியது. தாளில் எதை, எப்படி வைப்பது என்பதை அந்த விளையாட்டே சொல்லிவிடும். செடியை அப்படியே பரப்பினால் பாடப்புத்தகப் படம்தான் கிடைக்கும்.

கேமரா தேவையில்லை. 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் போதும். ரசாயனம் பூசிய தாளில் பொருளை வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதில் அச்சிடத் தொடங்கிவிட்டார்.

பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி கேன் தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லியிலும் கரைத்துத் தனித்தனி பழுப்பு பாட்டிலில் வையுங்கள். கையுறை கட்டாயம், கடும் அமிலம் பக்கத்திலேயே வேண்டாம். பூசும்போது மட்டும் சம அளவு கலந்தால் போதும். ஏ4 தாளுக்கு 2, 3 மில்லி. வெயில் படாத அறையில், மங்கிய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசி, முழுக்க உலர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரத்தில் தாள் உலர்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கழுவும்போது நீலம் கரைந்து ஓடும். பங்குனி, சித்திரைதான் இதற்குத் தோது.

பூவரசில் முற்றிய இலை வெறும் வெள்ளைத் திட்டாக விழும். கொழுந்தில் ஒளி ஊடுருவுவதால் நரம்பு தெரியும். பாதி மட்டும் சுருட்டி, ஊதும் முனையை நசுக்கி, மேலே கண்ணாடி வையுங்கள்.

முடக்கத்தானில் பழுத்துக் காய்ந்த காயை எடுங்கள். பச்சைக் காய் நீர் விட்டுக் கறையாக்கும். காகிதம் போன்ற தோல் இளநீலமாகவும், உள்ளிருக்கும் மூன்று விதைகள் வெள்ளைப் புள்ளிகளாகவும் விழும். கண்ணாடி வைத்தால் நொறுங்கும், எனவே தெர்மோகோலில் தாளை வைத்துக் காம்பைக் குண்டூசியால் குத்துங்கள். உச்சி வெயிலில் மட்டும் வையுங்கள். சாய்ந்த வெயிலில் விளிம்பு இரட்டிக்கும்.

ராவணன் மீசை மணலைப் பிடித்து வைக்கும் புல். பிடுங்காமல், உதிர்ந்து உருளும் தலையைப் பொறுக்குங்கள். முழுசாக வைத்தால் தாளைத் தொடாத முட்கள் மங்கிவிடும். பாதியாகப் பிளந்து வைப்பதே சரி.

8 முதல் 15 நிமிடம் வெயில். மஞ்சள்பச்சைப் பூச்சு நீலமாகி, பின் சாம்பல் பூத்ததும் எடுங்கள். முடக்கத்தானைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் முழு நீலமாகும். மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் நீலத்தை வெளுக்கும். முதல் அலசலில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வினிகர் சேருங்கள். அதே காரணத்தால் காய்ந்த படத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக ஒட்டக் கூடாது.