குரூப் 4 பாடத்திட்டத்தை ஒரு மாலைக்குரிய வேலைகளாகப் பிரிப்பது எப்படி?

"இந்த முறை குரூப் 4 தேர்வில் தேறியே தீர வேண்டும்" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், இன்று இரவு எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பது தெரிந்துவிடாது. ஒரே அமர்வில் முடித்து, முடிந்ததா இல்லையா என்று நாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வேலையாக மாறும் வரை இலக்கைப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்த அரசு வேலைத் தேர்வுக்கு, வேலைக்குச் சென்றுகொண்டே முதன்முறையாகப் படிப்பவர்களுக்கான வழிமுறை இது.

படி 1: தேர்வின் அளவை எழுதிக்கொள்ளுங்கள்

தேர்வு ஒரே தாள்தான்: 3 மணி நேரம், 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். தமிழில் 100, பொது அறிவில் 75, கணக்கு உள்ளிட்ட திறனறிவில் 25 வினாக்கள். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 மதிப்பெண் பெறாவிட்டால் மற்றப் பகுதி திருத்தப்படாது என்பதால், தமிழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே கைவிடுவது நல்லது.

படி 2: தலைப்பை உடையுங்கள்

"கணக்கு படிக்க வேண்டும்" என்பது வேலையல்ல. "தனிவட்டி" என்பதும் இன்னும் பெரியதே. அதை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள், அசல், காலம், வட்டி வீதம் மூன்றும் தரப்பட்ட கணக்குகள் மட்டும்: 5,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வீதம் 3 ஆண்டுகளுக்கு வட்டி 1,200 ரூபாய். மறுநாள் அதே கணக்கைத் திருப்பி, வட்டி 1,200 என்று தந்துவிட்டு வீதத்தைக் கண்டுபிடிப்பது. மூன்றாம் நாள், அசல் இரு மடங்காக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற வகை. நான்காம் நாள், முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் உள்ள தனிவட்டிக் கணக்குகளைப் புத்தகம் பாராமல் போடுவது. இதில் தடுமாறினால் எந்த நாளின் பகுதி சரியாகப் பதியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

தமிழுக்கும் பொது அறிவுக்கும் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களில் தொடங்குங்கள்; ஓர் இயலையோ பாடத்தையோ படித்ததும் பின்பயிற்சி வினாக்களுக்கு விடையளித்தால்தான் அன்றைய வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

படி 3: வாரத்துக்கு மட்டும் அட்டவணை போடுங்கள்

நூறு நாள் அட்டவணைகள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் நான்காம் நாளே குலைந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் புதிய பாடம், ஒரு நாள் திருப்புதல், ஒரு நாள் எதுவும் எழுதாமல் காலியாக விடுவது போதும். விட்டுப்போனவற்றை அந்தக் காலி நாளில் முடியுங்கள். மறுநாள் பாடத்தோடு சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

படி 4: மாதிரித் தேர்வையும் பிரியுங்கள்

தொடக்கத்திலேயே 200 வினாக்களோடு உட்கார வேண்டாம். முதலில் 25 திறனறிவு வினாக்கள், பிறகு 100 தமிழ் வினாக்கள், இறுதியில் முழுத்தாள். எப்போதும் ஓஎம்ஆர் தாளில் (இயந்திரம் திருத்தும் விடைத்தாளில்) பேனாவால் வட்டங்களை நிரப்பியே பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆனால் விடை தெரியாத வினாவுக்கு அதற்கென உள்ள ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதால், அதற்கான நேரத்தையும் 3 மணி நேரத்துக்குள் கணக்கிட்டே பயிற்சி செய்யுங்கள்.